தீவிர மார்பகப் புற்றுநோயும் புரதக் குறியீடுகளும்: நோயியல் மருத்துவர் பதிலளிக்கிறார்

கேள்வி: அம்மாவின் பயாப்சி அறிக்கையில் ஹெர்-2 மூன்று பிளஸ் என்று இருக்கிறது. இதுதான் மிக மோசமான வகை என்கிறார்களே?

மூன்று பிளஸ் என்றால் செல்களில் ஹெர்-2 என்ற புரதம் மிக அதிகம் என்று பொருள். நீங்கள் கேள்விப்பட்டது ஒரு காலத்தில் உண்மையாக இருந்தது. அப்புரதத்தை உருவாக்கும் ஹெர்-2 மரபணு பெருகியிருக்கும் கட்டிகள் விரைவில் திரும்ப வருகின்றன, அந்நோயாளிகளின் ஆயுளும் குறைகிறது என்பதை 1987இல் அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் டென்னிஸ் ஸ்லாமன் குழுவினர் காட்டினார்கள். செல்லின் மேற்பரப்பில் அந்தப் புரதம் அளவுக்கு மீறி நிற்பதால் பெருகச் சொல்லும் சமிக்ஞை ஓயாமல் உள்ளே போகிறது. ஆனால் அது வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால்தான் மருந்தால் அதைப் பற்றவும் முடிந்தது. 1998இல் அமெரிக்காவில் பரவிய நோய்க்கு ஒப்புதல் பெற்ற டிராஸ்டுசுமாப் என்ற அம்மருந்து, பிறகு தொடக்க நிலையிலும் தரப்பட்டபோது இவ்வகையின் நோய்ப்போக்கே மாறிவிட்டது. எனவே, கட்டியின் அளவு என்ன, அக்குள் நிணநீர்க் கணுக்களில் நோய் இருக்கிறதா, அறுவைக்கு முன்பே மருந்தைத் தொடங்கலாமா என்பவற்றை உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.

கேள்வி: எனக்கு இரண்டு பிளஸ். இது பாசிட்டிவா, நெகட்டிவா?

இரண்டும் இல்லை. ஹெர்-2 மரபணு பெருகியிருக்கிறதா என்று நேரடியாகப் பார்க்கும் ஃபிஷ் சோதனை செய்த பிறகே சொல்ல முடியும்.

கேள்வி: ஒரே கட்டிக்கு ஓர் ஆய்வகம் கேஐ-67 20 சதவீதம் என்றும் மற்றொன்று 35 என்றும் தந்திருக்கின்றன. எதை நம்புவது?

இரண்டுமே நேர்மையான எண்ணிக்கையாக இருக்கலாம். கேஐ-67 பெருகும் நிலையில் உள்ள செல்களின் கருவில் தென்படும் புரதம். நுண்ணோக்கியில் எந்தப் பகுதியைப் பார்த்து எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்து விடை மாறும். எல்லைக்கோடும் நிலையாக இருந்ததில்லை: மார்பகப் புற்றுநோய்க்கான செயின்ட் காலன் மாநாட்டு வல்லுநர்கள் 2011இல் 14 சதவீதம் என்றார்கள், 2013இல் பெரும்பான்மையோர் 20 என்றார்கள். ஈஆர் (ஈஸ்ட்ரோஜன் ஏற்பி) பாசிட்டிவ், ஹெர்-2 நெகட்டிவ் கட்டிகளில் 5 அல்லது அதற்குக் கீழும், 30 அல்லது அதற்கு மேலும் உள்ள எண்களையே உறுதியாகப் பயன்படுத்தலாம் என்பது கேஐ-67க்கான பன்னாட்டுப் பணிக்குழுவின் நிலைப்பாடு. இடையில் உள்ளவற்றை வைத்து இரவெல்லாம் விழித்திருக்க வேண்டாம்.

வழக்கமான எச்சரிக்கையையும் சொல்லிவிடுகிறேன். வெட்டியெடுத்த திசு ஒரு மணி நேரத்துக்குள் ஃபார்மலினில் இடப்பட்டு, அதில் 6 முதல் 72 மணி நேரத்துக்குள் பதப்பட வேண்டும். அது தவறினால் ஈஆர், பிஆர் (புரோஜெஸ்டிரோன் ஏற்பி), ஹெர்-2 முடிவுகளைக்கூட நம்ப முடியாது.

மறுப்பு: கேஐ-67 கூடுதலாக இருந்தால் கீமோ நன்றாக வேலை செய்யும் என்று எங்கள் மருத்துவர் சொன்னார். நீங்கள் எல்லாரும் அதைக் கெட்ட அறிகுறி என்கிறீர்கள். ஒன்றுதானே சரியாக இருக்க முடியும்?

இரண்டும் சரி. வேகமாகப் பெருகும் கட்டி சிகிச்சையில்லாவிடில் வேகமாகக் கெடுக்கும். வேகமாகப் பெருகும் செல்களையே கீமோ அதிகம் தாக்கும். முன்னது நோய்ப்போக்கைச் சொல்லும் குறி, பின்னது மருந்தின் பலனைச் சொல்லும் குறி. கீமோவுக்குப் பிறகு அறுவையில் எடுத்த திசுவில் ஊடுருவும் புற்று எதுவும் மிஞ்சவில்லையென்றால், தொடக்கத்தில் இருந்த எண்ணைவிட அந்தச் செய்திக்கே எடை அதிகம்.

மறுப்பு: அப்படியானால் கேஐ-67 பார்ப்பதே வீண்தானே?

இல்லை. தனியாகப் பார்ப்பதுதான் வீண்.

கேள்வி: டிரிபிள் நெகட்டிவ் என்றால் குறியீடே இல்லை, வழியும் இல்லை என்றா பொருள்?

ஈஆர், பிஆர், ஹெர்-2 மூன்றும் இல்லை என்பதே பொருள். திரும்ப வரும் அபாயம் முதல் சில ஆண்டுகளில் மிகுதி. ஐந்தாண்டுகளைக் கடந்தவர்களுக்கு அது வெகுவாகக் குறைகிறது. ஈஆர் பாசிட்டிவ் நோயோ இருபது ஆண்டுக்குப் பிறகும் தலைகாட்டக்கூடும். சாதாரண சாயமிட்ட ஸ்லைடிலேயே கட்டிக்குள் நோயெதிர்ப்புச் செல்களான லிம்போசைட்டுகள் நிறைந்திருப்பது தெரிந்தால் அது நல்ல அறிகுறி. இதற்குத் தனிச் செலவும் இல்லை. பரம்பரையாக வரும் மாற்றத்தைக் காட்டும் பிஆர்சிஏ மரபணுச் சோதனையைக் கட்டாயம் கேளுங்கள். பிடி-எல்1 என்ற புரதம், பரவிய நோயில் பெம்ப்ரோலிசுமாப் என்ற நோயெதிர்ப்பு மருந்தைத் தரலாமா என்று தீர்மானிக்க உதவுகிறது; தொடக்க நிலையிலோ அம்மருந்தின் பலன் பிடி-எல்1 இருப்போர், இல்லாதோர் இருவரிடமும் காணப்பட்டது.

கேள்வி: என் கேஐ-67 40 சதவீதம். பயப்பட வேண்டுமா?

மேலே எழுதியதைப் படியுங்கள். எண்ணை மட்டும் அனுப்பினால் என்னால் எதுவும் சொல்ல முடியாது.

கேள்வி: என்னுடையது 60 சதவீதம்...

அதே பதில்.

கேள்வி: சிஏ 15-3 இரத்தப் பரிசோதனையை ஆண்டுதோறும் எடுத்தால் நோயை முன்பே கண்டுபிடிக்கலாமா?

முடியாது. அது இரத்தத்தில் அளக்கும் ஒரு புற்றுக் குறியீடு; தொடக்க நிலையில் பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும். மார்பக எக்ஸ்ரேயான மேமோகிராம் எடுங்கள்.

கேள்வி: மஞ்சள் சாப்பிட்டால் ஹெர்-2 குறையுமா?

குழம்பில் போடுங்கள். மாத்திரையாக எடுப்பதானால் முதலில் உங்கள் புற்றுநோய் மருத்துவரைக் கேளுங்கள்.

கேள்வி: இரண்டாம் கருத்துக் கேட்க அறிக்கையின் புகைப்படம் போதுமா?

போதாது. மெழுகில் பதித்த திசுக் கட்டையான பிளாக்கையும் ஸ்லைடுகளையும் மருத்துவமனையில் எழுதிக் கேட்டுப் பெறுங்கள். ஃபார்மலினில் இட்ட நேரம் அறிக்கையில் குறிக்கப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.