மணக்கும் ரோஜா: தோட்டக் கேள்வி பதில்

கேள்வி: நாற்றுப்பண்ணையில் பூத்த நிலையில் இருந்த ஐந்து ரோஜாச் செடிகளை வாங்கி வந்து மாடியில் வைத்தேன். பூ கையகலம் இருக்கிறது. மணம் மட்டும் துளியும் இல்லை. என்ன உரம் இட்டால் வாசனை வரும்?
- வாசகி, அஸ்தம்பட்டி, சேலம்

பதில்: எந்த உரம் இட்டாலும் வராது, அம்மா. மணம் இரகத்தோடு பிறப்பது. ரோஜாவின் வாசனைக்குக் காரணமான ஜெரானியால் போன்ற பொருள்கள் இதழின் உயிரணுக்களில் உருவாகின்றன. மணமுள்ள 'பாப்பா மெய்லாண்ட்' ரோஜாவையும் மணமற்ற 'ரூஜ் மெய்லாண்ட்' ரோஜாவையும் ஒப்பிட்டு ஆராய்ந்த பிரெஞ்சு அறிஞர்கள், ஜெரானியால் உருவாகத் துணைபுரியும் ஒரு நொதி முன்னதில் மிகுதியாக இயங்குவதை 2015இல் வெளியிட்டார்கள். அந்த இயக்கம் இல்லாத செடிக்குக் கடலைப் புண்ணாக்கை எவ்வளவு கொட்டினாலும் இலைதான் செழிக்கும்.

பெரிய பூ, நீண்ட காம்பு, வாடாமல் பல நாள் நிற்கும் தன்மை ஆகியவற்றுக்காகவே காம்போடு வெட்டி விற்கும் கொய்மலர் இரகங்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஓசூர்ப் பக்கம் பசுமைக்குடில்களில் வளர்ந்து சந்தைக்கு வரும் 'தாஜ்மஹால்' அத்தகையது. அதில் மணத்தைத் தேடுவது நம் பிழையே. ஆகவே செடி வாங்கப் போகும்போது காலை எட்டு மணிக்குள் சென்று, பாதி விரிந்த ஒரு பூவை முகர்ந்து பார்த்த பிறகே விலை பேசுங்கள். வெயில் ஏறிய பின் நல்ல மணமுள்ள பூவும் ஊமையாகிவிடும் என்பதால், நண்பகலில் முகர்ந்துவிட்டு ஒரு செடியை ஒதுக்குவதும் நியாயமன்று.

சேலம் நகரின் வெயிலுக்கு என் முதல் பரிந்துரை, எட்வர்டு ரோஜா என்றும் வழங்கும் நம் பன்னீர் ரோஜாதான். இன்று ரீயூனியன் எனப்படும் பூர்போன் தீவில், சீன ரோஜாவும் டமாஸ்க் ரோஜாவும் வேலியில் கலந்து பிறந்த குடும்பத்தைச் சேர்ந்தது அது. முள் அதிகம், பறித்த பூ மறுநாளே இதழ் உதிர்த்துவிடும், பூச்சாடிக்கு உதவாது. ஆனால் ஒரு கைப்பிடிப் பூ வீட்டையே நிறைக்கும். ஒட்டுச்செடிகளில் 'டபுள் டிலைட்', 'கிரிம்சன் குளோரி', 'பாப்பா மெய்லாண்ட்' ஆகியவை மணத்துக்குப் பெயர் பெற்றவை. இவற்றைச் சேலத்தில் வளர்ப்பதானால், பங்குனி, சித்திரை மாதங்களில் பிற்பகல் வெயில் நேராகப் படாத கிழக்குப் பக்கத்தில் வைப்பது நல்லது. அத்தருக்குப் புகழ்பெற்ற டமாஸ்க் ரோஜாவைக் கேட்டு அலைய வேண்டாம். குளிர்காலம் கண்டால்தான் அது ஒழுங்காகப் பூக்கும்.

கேள்வி: ஏற்காட்டில் எங்கள் வீட்டருகே உள்ள 'டபுள் டிலைட்' செடிகளின் இலைகளில் கரும்புள்ளி விழுந்து, மழைக்காலம் முடிவதற்குள் செடி மொட்டையாகிவிடுகிறது. மண் மாற்ற வேண்டுமா?
- வாசகர், நாகலூர்

பதில்: மண்ணை விட்டுவிடுங்கள், குற்றம் ஈரத்தின் மீது. சேலத்தைவிட ஆயிரம் மீட்டருக்கும் மேல் உயர்ந்த உங்கள் ஊரின் குளிர்ச்சி, மணம் வெயிலில் பறந்துவிடாமல் பூவில் தங்க உதவுகிறது. அதே குளிர்ச்சியோடு வரும் மூடுபனி இலையை மணிக்கணக்கில் நனைத்து வைப்பதால், கரும்புள்ளிப் பூஞ்சை முளைக்க இடம் கிடைக்கிறது. காப்பித் தோட்டத்துச் சில்வர் ஓக் மரங்களின் நிழலில் செடி நின்றால் இலை இன்னும் தாமதமாகவே காயும். நாளுக்கு ஆறு மணி நேரமாவது வெயில் படும் திறந்த இடத்துக்கு மாற்றி, செடிக்குச் செடி காற்று புகும் இடைவெளி விட்டு, நடுவில் நெருங்கிய கிளைகளை வெட்டிக் கிண்ணம் போல் திறந்து விடுங்கள். உதிர்ந்த இலைகளைப் பொறுக்கி எரித்துவிட வேண்டும், ஏனெனில் பூஞ்சை அவற்றில்தான் அடுத்த மழை வரை காத்திருக்கிறது. தண்ணீரைக் காலையில், வேரடியில் மட்டும் ஊற்றுங்கள். இத்தனைக்கும் பிறகு புள்ளி பரவினால், லிட்டர் நீருக்கு 1 கிராம் கார்பன்டாசிம் என்ற பூஞ்சைக்கொல்லியைக் கலந்து தெளிக்கலாம். மருந்தோடு தொடங்குவதை நான் விரும்புவதில்லை.

கேள்வி: ஆழ்துளைக் கிணற்று நீரைத்தான் ஊற்றுகிறோம். துளிரிலை மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாக நிற்கிறது.
- வாசகி, சூரமங்கலம்

பதில்: இது இரும்புச் சத்து எட்டாத அறிகுறி. மண்ணில் இரும்பு இருந்தும், காரத்தன்மை மிகுந்த நீராலும் மண்ணாலும் வேர் அதை எடுத்துக்கொள்ள இயலாமல் போகிறது. வெள்ளைக்கல் எனும் மேக்னசைட் வெட்டும் சேலம் வட்டாரத்தில் இது புதிதன்று. நாட்டுமருந்துக் கடையில் கிடைக்கும் அன்னபேதியை (இரும்பு சல்பேட்) லிட்டருக்கு 5 கிராம் வீதம் கரைத்து, சிறிது எலுமிச்சைச் சாறு விட்டு, மாலையில் இலை மீது தெளியுங்கள். பத்து நாளில் மறுபடியும் ஒருமுறை. மழைநீரைப் பிடித்து வைத்து ரோஜாவுக்கென ஒதுக்கினால் தெளிக்கும் வேலையே குறையும்.

கேள்வி: ஏழு இலை வந்த கிளை காட்டுச்செடி என்கிறார்களே, வெட்டிவிடலாமா?
- வாசகர், அம்மாபேட்டை

பதில்: இலையை எண்ணி முடிவு செய்யாதீர்கள்; நல்ல இரகத்திலும் ஏழு சிற்றிலை வருவதுண்டு. கிளை எங்கிருந்து புறப்படுகிறது என்று மண்ணை விலக்கிப் பாருங்கள். ஒட்டுக்குக் கீழிருந்து வந்தால் அது வேர்ச்செடியின், அதாவது நல்ல இரகத்தை ஒட்டுவதற்கு அடியில் வைத்த செடியின் கிளை. அடியோடு பிய்த்தெடுக்க வேண்டும், வெட்டினால் மறுபடியும் தழைக்கும். பன்னீர் ரோஜாவைப் பென்சில் கனமுள்ள குச்சியாக நட்டே வளர்ப்பதால் அதில் இந்தத் தொல்லை இல்லை.

கேள்வி: கிளைகளை வெட்டிக் குறைக்கும் கவாத்து எப்போது செய்ய வேண்டும்?
- பலர்

பதில்: கார்த்திகை மழை ஓய்ந்து மார்கழி பிறக்கும்போது. சென்ற பருவத்தில் வளர்ந்த கிளைகளின் நீளத்தில் பாதியைக் குறைத்து, வெட்டிய முனைகளில் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ பசையைத் தடவி, செடிக்கு 10 கிலோ மக்கிய தொழுவுரம் இடுங்கள். ஏறத்தாழ 45 நாளில் மொட்டு விரியத் தொடங்கும்.