பத்து லிட்டர் கேபினெட்டில் கேமிங் பிசி: சேலம் வெயிலுக்குத் தாங்குமா?

கேள்வி: சேலம் அம்மாபேட்டையில் மாடிவீடு, கீழே எங்கள் தறிக்கூடம். அவ்வப்போது ஏற்காட்டுத் தோட்ட வீட்டில் போய்த் தங்குவேன். இரண்டு இடத்துக்கும் தூக்கிப் போகிற மாதிரி, 10 லிட்டர் கொள்ளளவுள்ள சின்ன கேபினெட்டில் ஆர்டிஎக்ஸ் 5070 டிஐ கிராஃபிக்ஸ் கார்டு போட்டு கேமிங் பிசி அசெம்பிள் செய்யலாமா? இல்லை, பேசாமல் லேப்டாப் வாங்கிவிடட்டுமா?

பதில்: செய்யலாம். ஆனால் அந்த கார்டும் அந்த கேபினெட்டும் அம்மாபேட்டை மாடியும் ஒன்றாகச் சேரக் கூடாது.

5070 டிஐ மட்டும் 300 வாட் இழுக்கும். புராசசர், மற்றதெல்லாம் சேர்ந்தால் விளையாடும்போது 400 வாட் பக்கம் போய்விடும். இழுத்த கரண்ட் முழுக்க வெப்பமாகத்தான் வெளியேற வேண்டும். கேபினெட் சிறிதானால் வெப்பம் குறைந்துவிடாது. பெரிய கேபினெட்டில் பெரிய ஃபேன்கள் நிதானமாகச் சுற்றி அதைத் தள்ளும். சின்னதில் சின்ன ஃபேன்கள் கத்திக்கொண்டே தள்ளும்.

அப்புறம் அறையின் சூடு. முழு வேகத்தில் ஓடும்போது கார்டு அறையைவிட 45 டிகிரி ஏறுகிறது என்று வையுங்கள். ஏற்காட்டில் 20 டிகிரி ராத்திரியில் அது 65. உங்கள் மாடியில் ஏப்ரல் மதியம் 38 என்றால் 83. கிட்டத்தட்ட அந்த இடத்தில்தான் என்விடியா கார்டுகள் தாமாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம், காற்று லேசு, அதனால் கூலிங் குறையாதா என்று சிலர் கேட்பார்கள். கொஞ்சம் குறையும்தான், அங்குள்ள குளிர் அதற்கு மேலேயே ஈடுகட்டிவிடும்.

உங்கள் விஷயத்தில் வெயிலைவிட எனக்குப் பெரிய கவலை பஞ்சுத் தூசி. பத்து லிட்டர் கேபினெட்டுகள் பல, மதர்போர்டு ஒரு பக்கம், கார்டு மறுபக்கம் என்று முதுகோடு முதுகு ஒட்டி வைக்கும் அமைப்பு. கார்டின் ஃபேன்கள் பக்கவாட்டு ஓட்டைத் தகட்டை ஒட்டியே இருக்கும். நடுவில் ஃபில்டர் கிடையாது. சாதாரண வீட்டுத் தூசி ஓரளவு உள்ளே போய் வெளியே வந்துவிடும். தறி வீட்டுப் பஞ்சு அப்படிப் போகாது. கார்டின் அலுமினியத் தகடுகளின் விளிம்பில் மாட்டி, ஒன்றோடொன்று பின்னி, கம்பளி விரித்த மாதிரி ஒரு படலமாகிவிடும். வெளியிலிருந்து பார்த்தால் ஃபேன் ஜோராகச் சுற்றும்; உள்ளே காற்று போகாது. நைலான் ஃபில்டர் ஒட்டினால் பஞ்சு நிற்கும், ஆனால் சூடும் சத்தமும் ஏறும்.

அதனால் 15 முதல் 18 லிட்டருக்குப் போங்கள். காற்று உள்ளே வரும் ஃபேன் எல்லாவற்றுக்கும் கழற்றிக் கழுவக்கூடிய ஃபில்டர் இருக்கட்டும். உள்ளே இழுக்கும் காற்று வெளியே தள்ளுவதைவிடச் சற்று அதிகமாக இருந்தால் இடுக்கு வழியாகப் பஞ்சு நுழையாது. தூசி தட்ட ப்ளோவர் அடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். காற்று வேகத்தில் அது கண்டபடி சுற்றினால் பேரிங் போய்விடும்.

இந்த அளவில் கார்டை நேராக ஸ்லாட்டிலேயே மாட்டலாம். கார்டைத் தள்ளி வைத்து போர்டோடு இணைக்கும் ரைசர் கேபிளின் தொல்லை இல்லை. சின்ன கேபினெட்டில் திரை வராமல் தலையைப் பிய்த்துக்கொள்கிறவர்களில் பாதிப் பேருக்குக் குற்றவாளி இந்த கேபிள்தான்: பழைய ஜென் 3 (மூன்றாம் தலைமுறை பிசிஐ எக்ஸ்பிரஸ் வேகம்) கேபிளைப் புதிய கார்டுக்குப் போட்டுவிட்டு, பயாஸில் (போர்டின் அடிப்படை செட்டிங்கில்) ஸ்லாட் வேகத்தை ஜென் 3 என்று மாற்றாமல் விட்டிருப்பார்கள்.

கார்டு விஷயத்தில் ஒரு படி இறங்குங்கள் என்பேன். 5060 டிஐ 180 வாட்தான். 5070 டிஐ-தான் வேண்டும் என்றால் பவர் லிமிட்டை (கார்டு இழுக்கும் வாட்டின் உச்சவரம்பை) 80 சதவீதத்துக்கு இறக்குங்கள். ஃபிரேம் (விநாடிக்கு வரும் படங்களின் எண்ணிக்கை) அதே அளவுக்குக் குறையாது. புராசசருக்கு 65 வாட் ரைசன் 5 7600 தாராளம். மினி ஐடிஎக்ஸ் என்ற சின்ன மதர்போர்டு (170-க்கு 170 மி.மீ.), எஸ்எஃப்எக்ஸ் என்ற சின்ன அளவு எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) இரண்டும் சாதாரண அளவில் வருவதைவிட விலை கூடுதல். போர்டில் ரேம் ஸ்லாட் இரண்டே. ஆரம்பத்திலேயே 32 ஜிபி போட்டுவிடுங்கள்.

லேப்டாப்பா? பஸ்ஸில் போகிறவராக இருந்தால் யோசிக்காமல் அதையே சொல்வேன். ஆனால் அதே பெயருள்ள லேப்டாப் கார்டு குறைந்த வாட்டில் ஓடுகிற வேறு சரக்கு, பிறகு மாற்றவும் முடியாது. காரில் போகிறவருக்கு பிசியே சரி; ஏற்காட்டில் ஒரு மானிட்டரை நிரந்தரமாக வைத்துவிடுங்கள். மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் குலுங்குவது கார்டு மாட்டிய ஸ்லாட். மதர்போர்டு படுத்து, கார்டு நிமிர்ந்து நிற்கும்படி கேபினெட்டைச் சாய்த்து சீட்டில் வைத்து பெல்ட் போடுங்கள்.

மேலே ஏற்காட்டில் மழைக்காலத்தில் இடி, கரண்ட் கட் இரண்டும் உண்டு. 600 விஏ யூபிஎஸ் பெரும்பாலும் 360 வாட் வரைதான் தாங்கும். 1000 விஏ வாங்குங்கள். வீட்டு இன்வெர்ட்டரை நம்புவதானால் அதன் ஸ்விட்ச் யூபிஎஸ் மோடில் இருக்கிறதா என்று பாருங்கள். சாதாரண மோடில் கரண்ட் மாறும் நேரத்துக்குள் பிசி அணைந்துவிடும்.