இடது முட்டியும் கிளட்ச் பெடலும்: கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகளைப் பார்த்தால் வடசென்னையில் பாதிப் பேருக்கு இடது முட்டி போய்விட்டது போலிருக்கிறது. தண்டையார்பேட்டையில் ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவனுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை, டி.எச். ரோட்டில் ஒரு சாயங்காலம் கார் ஓட்டிப் பார்த்தாலே தெரிந்துவிடும். எலும்பு டாக்டர் சொல்ல வேண்டியதை நான் சொல்லப் போவதில்லை. ஆனால் வலி என்றதும் எல்லாரும் முட்டியைத்தான் சந்தேகப்படுகிறார்கள், பெடலை யாரும் சந்தேகப்படுவதில்லை. பழைய வண்டியாக இருந்தால் நான் முதலில் பெடல் பக்கம்தான் குனிந்து பார்ப்பேன்.

அண்ணே, பழைய ஆல்டோ வைத்திருக்கிறேன். ஒரு காலத்தில் கிளட்ச் பூ மாதிரி இருந்தது, இப்போது மிதிக்கவே பயமாக இருக்கிறது. மெக்கானிக் கிளட்ச் செட்டை மொத்தமாக மாற்றச் சொல்கிறார். வயது 58, இரண்டு முட்டியிலும் தேய்மானம். (காசிமேடு)

செட்டை மாற்றுவதற்கு முன்னால் கேபிளைப் பார்க்கச் சொல்லுங்கள். மாருதி 800, ஆல்டோ, பழைய வேகன் ஆர் இதிலெல்லாம் உங்கள் காலுக்கும் கிளட்சுக்கும் நடுவில் இருப்பது ஒரு உறைக்குள் ஓடும் முறுக்குக் கம்பிதான். கடலோரத்தில் வெயிலிலும் உப்புக் காற்றிலும் நிற்கிற வண்டியில் அந்தக் கம்பி துருப்பிடிக்கும், இழை இழையாகப் பிரியும், உறைக்குள் உரசும், அந்த உரசலையும் சேர்த்து நீங்கள்தான் மிதிக்கிறீர்கள். சோதிப்பது சுலபம். கியர் பாக்ஸ் பக்கம் கேபிள் முனையைக் கழற்றிவிட்டு உள் கம்பியைக் கையால் இழுத்துத் தள்ளிப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு ஓட வேண்டும், நறநறவென்று பிடித்தால் குற்றவாளி அதுதான். புதுக் கேபிள் மாற்றுவது செட் மாற்றுவதோடு ஒப்பிட்டால் செலவே இல்லை, கியர் பாக்ஸை இறக்கவும் வேண்டாம். கேபிளுக்குள் எண்ணெய் ஊற்றித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், உள்ளே பிளாஸ்டிக் பூச்சு இருக்கிற கேபிளில் எண்ணெய் தூசியை இழுத்துப் பிடித்து இன்னும் மோசமாக்கும்.

புதுக் கேபிளும் சீக்கிரத்தில் இறுகிப் போனால் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். ஒன்று, கேபிள் போகிற வழி. பேட்டரி மாற்றியபோதோ வேறு வேலை பார்த்தபோதோ அதை எங்காவது மடக்கி விட்டிருப்பார்கள், வளைவு கூர்மையாக இருந்தால் உரசல் கூடும். இன்னொன்று பலருக்குத் தோன்றாதது, இன்ஜினையும் பாடியையும் இணைக்கும் எர்த் பட்டை. அது அறுந்துவிட்டால் ஸ்டார்ட் செய்யும்போது பாய்கிற பெரிய கரண்ட் கிளட்ச் கேபிள் வழியாகத் திரும்பும், கம்பி சூடாகி உள் பூச்சு உருகி ஒட்டிக்கொள்ளும். எர்த் பட்டையைப் பார்க்காமல் கேபிளை மட்டும் மாற்றிக்கொண்டே இருப்பவர்கள் உண்டு.

கேபிள் நன்றாக இருந்தால் பெடல் ஆடுகிற இடத்தில் உள்ள புஷ் என்கிற சின்ன வளையம், அப்புறம் கியர் பாக்ஸில் கேபிள் இழுக்கிற ஃபோர்க்கின் தண்டு சுழலும் இடம், இரண்டும் காய்ந்து போயிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பெடலுக்கு உதவி ஸ்பிரிங் வைத்த வண்டிகளில் அது உடைந்தாலோ கழன்றாலோ பெடல் ஒரே நாளில் கனத்துவிடும்.

இதெல்லாம் சரி என்றால் உங்கள் மெக்கானிக் சொல்வது உண்மைதான். கிளட்ச் பிளேட் தேயத் தேய, அதை அழுத்திப் பிடிக்கிற பிரஷர் பிளேட்டின் தட்டு ஸ்பிரிங் இடம் மாறும், அதன் விரல்கள் வெளிப்பக்கம் எழும்பும், அந்த நிலையில் அதை அழுத்த அதிக பலம் வேண்டும். தேய்ந்த கிளட்ச் லேசாகத்தான் இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள், நடப்பது தலைகீழ். திடீரென்று கனத்தால் பெரும்பாலும் கேபிள் அல்லது பெடல் பக்கம், வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கனத்திருந்தால் பெரும்பாலும் பிளேட். மாற்றுவதென்றால் பிளேட், பிரஷர் பிளேட், மிதிக்கும்போது அந்த விரல்களை அழுத்துகிற ரிலீஸ் பேரிங் மூன்றையும் சேர்த்தே மாற்றுங்கள். கியர் பாக்ஸை இறக்கி ஏற்றுகிற கூலிதான் பெரிசு, அதை இரண்டு தடவை கொடுக்க வேண்டாம். ஜி.பி. ரோட்டில் விலை குறைவாகக் கிடைக்கிறது என்று பெயர் தெரியாத செட் வாங்கிவந்து கொடுக்காதீர்கள், அதில் ஸ்பிரிங் எவ்வளவு கடினம் என்பது போட்ட பிறகு உங்கள் முட்டிக்குத்தான் தெரியும்.

சார், பெரம்பூரிலிருந்து பாரிமுனைக்குத் தினமும் ஓட்டிக்கொண்டு போகிறேன். வண்டி புதுசுதான். நான் கொஞ்சம் உயரம் குறைவு, கிளட்ச் முழுசாக அமுங்க நுனிக்காலால் எட்ட வேண்டியிருக்கிறது. ராத்திரி முட்டிச் சில்லுக்குப் பின்னால் குத்துகிறது. சீட்டில் தலையணை வைக்கலாமா?

வைக்கலாம், ஆனால் அதற்கு முன்னால் சீட்டைச் சரி செய்யுங்கள் மேடம். புது வண்டியில் வலி வந்தால் பத்தில் எட்டுப் பேருக்குக் கோளாறு சீட்டில்தான் இருக்கிறது என்பது என் கணக்கு. இடுப்பைப் பின்சாய்வில் ஒட்டி உட்காருங்கள், கிளட்சைத் தரை வரை மிதியுங்கள், அந்த நிலையிலும் முட்டி லேசாக மடங்கி இருக்க வேண்டும். விறைத்து நீண்டுவிட்டால் சீட் தூரம், அதுதான் உங்கள் விஷயம். ரொம்பக் கிட்டத்தில் இருந்தால் இதற்கு நேர்மாறு, காலை எடுக்கும்போது முட்டி ஸ்டியரிங் அடியில் போய் முட்டுகிற அளவுக்கு மடங்கும், அதுவும் வலிதான். சீட் உயரம் கூட்டும் வசதி இருந்தால் முதலில் உயரத்தை வைத்துவிட்டுப் பிறகு தூரத்தை வையுங்கள், ஏனென்றால் உயரம் மாறினால் தூரமும் மாறும்.

பின்சாய்வை நிமிர்த்துங்கள். நம் ஊரில் பாதிப் பேர் ஈசிசேரில் படுத்த மாதிரி ஓட்டுகிறார்கள், அப்படிச் சாய்ந்திருந்தால் தொடையின் பலம் பெடலுக்குப் போகாது, வெறும் முட்டியால்தான் தள்ளுவீர்கள். குதிகாலைத் தரையில் ஊன்றி நுனியால் மிதிப்பதை விட்டுவிட்டு, காலையே தூக்கிப் பாதத்தின் அகலமான பகுதியை பெடலில் வைத்துத் தொடையிலிருந்து தள்ளுங்கள். முதல் நாள் வினோதமாக இருக்கும். மிதிக்காத நேரத்தில் கால் பெடலுக்கு மேல் தொங்கக் கூடாது, இடது ஓரத்தில் பாதம் வைக்கிற மேடை இருந்தால் அங்கே வையுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் எட்டவில்லையென்றால் முதுகுக்குப் பின்னால் அழுத்தமான, நழுவாத குஷன் வையுங்கள். பஞ்சுத் தலையணை வேண்டாம், நீங்கள் மிதிக்கும்போது அது அமுங்கி உங்கள் பலத்தையெல்லாம் தின்றுவிடும். நெஞ்சுக்கும் ஸ்டியரிங்குக்கும் நடுவில் 25 செ.மீ. இடைவெளி இருக்கட்டும், ஏர்பேக் விரிய அது வேண்டும். பெடல் மேல் கட்டை கட்டி உயர்த்துகிற வேலையை மட்டும் செய்யாதீர்கள், ஒரு நாள் கழன்று பிரேக்குக்கு அடியில் போய் நிற்கும். கீழே மேட் மேல் மேட் போட்டிருக்கிறீர்களா என்றும் பாருங்கள், அது பெடலை முழுசாக இறங்க விடாது.

எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் கண்டெய்னர் லாரி வரிசையில் மாட்டினால் ஒரு மணி நேரம் கிளட்சிலேயே கால். வேறு வழி உண்டா?

உண்டு, கொஞ்சம் மானத்தை விட வேண்டும். முன்னால் போகிற வண்டி ஒரு அடி நகர்ந்ததும் நீங்களும் ஒரு அடி நகர வேண்டும் என்று சட்டம் இல்லை. இரண்டு மூன்று கார் நீளத்துக்கு இடம் விழட்டும், அப்புறம் முதல் கியரில் போட்டு கிளட்சை முழுசாக விட்டுவிடுங்கள், ஆக்ஸிலேட்டர் தொடாமலே வண்டி மணிக்கு ஏழெட்டு கிலோமீட்டர் வேகத்தில் தானாக ஊர்ந்து போகும். பத்துத் தடவை மிதிப்பது இரண்டு மூன்று தடவையாகக் குறையும். நடுவில் ஆட்டோவும் பைக்கும் நுழையும், நுழையட்டும், அவர்கள் எப்படியும் நுழைவார்கள்.

நின்றுவிட்டால் நியூட்ரல், ஹேண்ட் பிரேக், கால் கீழே. கியரில் போட்டுக் கிளட்சை மிதித்துக்கொண்டே சிக்னலில் நிற்பதுதான் முட்டிக்குப் பெரிய எதிரி, ஏனென்றால் மிதித்து எடுப்பதைவிட மிதித்தபடியே பிடித்திருப்பதில்தான் மூட்டு அதிகம் வலிக்கிறது என்று வருகிறவர்கள் எல்லாரும் சொல்கிறார்கள். ரிலீஸ் பேரிங்கும் அதே சமயத்தில்தான் தேய்கிறது. மூலக்கடை மேம்பாலம், பேசின் பிரிட்ஜ் ஏற்றத்தில் ஹாஃப் கிளட்சில் வண்டியைப் பிடித்து நிற்காதீர்கள், அந்த வேலை ஹேண்ட் பிரேக்கினுடையது.

ஹைட்ராலிக் கிளட்ச் (கேபிளுக்குப் பதில் ஆயில்) உள்ள டீசல் வண்டி. போன மாதம் பிளேட் மாற்றினேன், மாற்றியதும் முன்னைவிடக் கடினமாகிவிட்டது. "புதுசு, போகப் போகச் சரியாகும்" என்கிறார்கள். (மணலி)

சரியாகாது. தேய்ந்ததை எடுத்துவிட்டுப் புதுசு போட்டால் லேசாகத்தான் ஆக வேண்டும். வண்டிக்கு உரிய பிரஷர் பிளேட்டுக்குப் பதில் வேறு மாடலுக்கானதைப் போட்டிருக்கலாம், ஃபோர்க் இடத்தில் கிரீஸ் வைக்காமல் ஏற்றியிருக்கலாம், ஹோஸ் எங்காவது நசுங்கியிருக்கலாம். பில்லில் உள்ள பார்ட் நம்பரைக் கேட்டு வாங்கி உங்கள் வண்டி மாடலுக்கு உரிய பார்ட் நம்பரோடு ஒத்துப் பாருங்கள். லைனில் காற்று புகுந்திருக்கும் என்று சொல்லி அனுப்பினால் நம்ப வேண்டாம், காற்று இருந்தால் பெடல் தொளதொளவென்று போகும், கனக்காது. கிளட்ச் ஆயிலை மட்டும் இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை மாற்றிவிடுங்கள், அது ஈரத்தை இழுக்கும், ஈரம் சிலிண்டரை உள்ளிருந்து அரிக்கும், சிலிண்டர் பிடித்துக்கொண்டாலும் பெடல் கனக்கும். எந்த ஆயில் என்பது மூடி மேலேயே போட்டிருக்கும், டாட் 3 அல்லது டாட் 4.

ஆன்லைனில் கிளட்ச் பூஸ்டர், ஆட்டோ கிளட்ச் கிட் என்று விற்கிறார்கள். போடலாமா?

இரண்டும் வேறு வேறு. பூஸ்டர் உங்கள் மிதிக்கு உதவி செய்யும், பெடல் இருக்கும். ஆட்டோ கிளட்ச் கிட்டில் கியர் லீவரில் ஸ்விட்ச் இருக்கும், மோட்டார் கிளட்சை இழுக்கும், கால் வேண்டாம். மாற்றுத்திறனாளிகளுக்காக இப்படிப் பொருத்துவது நம் நாட்டில் பல வருடமாக நடக்கிறது, ஒழுங்காகப் பொருத்தினால் நன்றாகவே ஓடும். ஆனால் வண்டியில் செய்கிற மாற்றத்தை மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52 கட்டுப்படுத்துகிறது, எனவே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டு ஆர்.சி.யில் பதிந்துகொள்ளுங்கள், இன்சூரன்ஸ்காரர்களுக்கும் எழுத்தில் சொல்லிவிடுங்கள். தெருவோரத்தில் ஒரு மணி நேரத்தில் மாட்டித் தருகிறேன் என்பவரிடம் போகாதீர்கள்.

"ஸ்பிரிங்கை லேசாக்கித் தருகிறேன்" என்று ஒரு ஐடியா சிலர் சொல்வார்கள். ஸ்பிரிங் லேசானால் பிளேட்டைப் பிடிக்கிற பிடியும் லேசாகும், ஏற்றத்தில் நான்கு பேரோடு ஏறும்போது கிளட்ச் ஸ்லிப் ஆகிப் புகை வரும்.

அப்பாவுக்கு இடது முட்டி மாற்று அறுவை முடிந்து மூன்று வாரம். ஓட்டியே தீருவேன் என்கிறார்.

சாவியை எடுத்து வைத்துவிடுங்கள் தம்பி. மேனுவல் வண்டிக்குப் பொதுவாக ஆறு வாரமாவது ஆகும், சிலருக்கு அதைவிட அதிகம், நாளைச் சொல்ல வேண்டியது ஆபரேஷன் செய்த டாக்டர். மயக்கம் தரும் வலி மாத்திரை சாப்பிடுகிற வரைக்கும் பேச்சே இல்லை. டாக்டர் சரி என்ற பிறகும் நின்ற வண்டியில் உட்கார்ந்து சடாரென்று கிளட்சையும் பிரேக்கையும் சேர்த்து மிதிக்க வரட்டும், முகம் சுளித்தால் இன்னும் கொஞ்ச நாள். அதுவரை திருவொற்றியூரிலிருந்து சென்ட்ரலுக்கு மெட்ரோ இருக்கிறது, 2021-இலிருந்து விம்கோ நகர் வரை ஓடுகிறது, லிஃப்டும் உண்டு.

கிளட்சே வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். ஏ.எம்.டி., சி.வி.டி., ஐ.எம்.டி. என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எது வாங்கலாம்? (வியாசர்பாடி)

முட்டிக்கு எல்லாமே ஒன்றுதான், மூன்றிலும் கிளட்ச் பெடல் கிடையாது. ஏ.எம்.டி. என்பது மேனுவல் கியர் பாக்ஸ்தான், கிளட்சை மிதிப்பது மோட்டார். 2014-இல் மாருதி செலேரியோவில் வந்தது முதல் விலை குறைந்த வண்டிகளில் இதுதான் பரவியது. கியர் மாறும்போது ஒரு சின்னத் தயக்கம் தெரியும். உள்ளே கிளட்ச் பிளேட் இருப்பதால் ஏற்றத்தில் ஆக்ஸிலேட்டரால் வண்டியைப் பிடித்து நிற்கக் கூடாது, பிரேக் போடுங்கள். கியர் படியே இல்லாத சி.வி.டி.யும், பழைய பாணி ஆட்டோமேட்டிக்கான டார்க் கன்வர்ட்டரும் டிராஃபிக்கில் வழுவழுவென்று போகும், விலை அதிகம். ஐ.எம்.டி. 2020-இல் ஹூண்டாய் வென்யூவில் வந்தது, பெடல் இல்லை, ஆனால் கியரைக் கையால் மாற்ற வேண்டும், கியர் மாற்றுவதில் ஆசை விடாதவர்களுக்கு அது. கடன் வாங்கித் தத்தளிக்காமல் வாங்க முடிகிற ஏ.எம்.டி. போதும் என்பேன், பழைய வண்டியாக எடுத்தால் கிளட்ச் எப்போது மாற்றியது என்ற பில் கேளுங்கள்.

ஒரு எச்சரிக்கை. முதல் சில வாரம் இடது கால் பழக்க தோஷத்தில் கிளட்சைத் தேடி அகலமான பிரேக்கை ஓங்கி மிதிக்கும், பின்னால் வருகிறவன் உங்கள் டிக்கியில் இருப்பான். இடது காலைச் சீட்டுக்குப் பக்கம் பின்னால் மடக்கி வைத்துக்கொண்டு, காலியான ரோட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பழகுங்கள்.

முட்டி உறை (knee cap) போட்டு ஓட்டலாமா? செருப்பு பரவாயில்லையா?

முட்டி உறை போட்ட பிறகும் கால் தாராளமாக மடங்கினால் சரி, இறுக்கிப் பிடித்தால் வேண்டாம். செருப்பு கூடாது, நழுவி பெடலுக்கு அடியில் போகும். தடித்த அடி உள்ள ஷூவும் வேண்டாம், கிளட்ச் எங்கே பிடிக்கிறது என்று பாதத்துக்குத் தெரியாமல் தேவைக்கு மேல் மிதிப்பீர்கள். மெல்லிய தட்டையான அடி, பின்னால் பிடிப்பு உள்ளது எதுவானாலும் போதும். வலி முட்டியில் மட்டும் இல்லாமல் இடுப்பிலிருந்து இறங்கி வருகிறது, கால் மரத்துப் போகிறது என்றால் என் ஒர்க்‌ஷாப்புக்கு வராதீர்கள், நேராக டாக்டரிடம் போங்கள்.