பேட்ச் சைஸ் எவ்வளவு வைக்கலாம்? காணொளி மாடல் பயிற்சி பற்றிக் கேள்வி பதில்

காணொளி உருவாக்கும் மாடல்களைப் பயிற்றுவிக்கும் நம்மவர்கள் கோலாலம்பூரிலும் பினாங்கிலும் பெருகிவிட்டார்கள். வந்த கேள்விகளில் பெரும்பாலானவை பேட்ச் சைஸைப் பற்றியவைதான், அதனால் இந்த முறை அதை மட்டும் எடுத்துக்கொண்டேன். மாடல் தன்னை ஒரு முறை திருத்திக்கொள்ள (அதுதான் ஒரு ஸ்டெப்) எத்தனை சாம்பிளைச் சேர்த்துப் பார்க்கிறது என்பதே பேட்ச் சைஸ்.

செந்தூலிலிருந்து ஒரு தம்பி: அக்கா, என்னிடம் இருப்பது 24 ஜிபி 4090 கார்டு. வான் 2.1 என்ற காணொளி மாடலின் 1.3 பில்லியன் அளவுக்கு லோரா (முழு மாடலையும் தொடாமல் சின்னதொரு பகுதியைச் சேர்த்து அதை மட்டும் பயிற்றுவிப்பது) போடுகிறேன். பேட்ச் 1-ஐத் தாண்டினாலே மெமரி நிரம்பி நின்றுவிடுகிறது. 1 வைத்தே ஓட்டினால் வீண்தானா?

வீண் இல்லை. அந்த ஒரு கிளிப்பே எவ்வளவு பெரியது என்று முதலில் பாருங்கள். 480க்கு 832 அளவில் 81 ஃபிரேம் என்று வைப்போம். காணொளியைச் சுருக்கும் பகுதியான விஏஇ, நேரத்தில் 4 மடங்கும், உயரம் அகலத்தில் 8 மடங்கும் சுருக்குகிறது. பிறகு மாடல் இரண்டுக்கு இரண்டு துண்டுகளாக வெட்டுகிறது. மிஞ்சுவது 21 லேட்டன்ட் (சுருங்கிய) ஃபிரேம், ஒவ்வொன்றிலும் 1,560 டோக்கன் (அந்தத் துண்டுகள்), ஆக மொத்தம் 32,760. இதையே 720பி-யில் செய்தால் 75,600. டோக்கன் 2.3 மடங்குதான் ஏறுகிறது, ஆனால் ஒவ்வொரு டோக்கனையும் மற்ற எல்லாவற்றோடும் ஒப்பிடும் அட்டென்ஷன் வேலை 5 மடங்குக்கு மேல் போகிறது.

ஆனால் அந்த 32,760 டோக்கனும் ஒரே காட்சி, பயிற்சிக்காக அதில் கலக்கும் நாய்ஸும் (இரைச்சல்) ஒரே அளவு. மாடலை எந்தப் பக்கம் திருத்துவது என்று சொல்லும் கிரேடியன்டின் கண்ணுக்கு அது ஒரு சாம்பிள்தான். அதனால் கிரேடியன்ட் அக்யூமுலேஷனை (பல கிளிப்பின் கிரேடியன்டைச் சேர்த்து வைத்து ஒரே முறை திருத்துவது) 4 அல்லது 8 வையுங்கள். இந்த மாடல்களில் பேட்ச்நார்ம் (பேட்ச் முழுவதின் சராசரியைப் பயன்படுத்தும் அடுக்கு) கிடையாது, ஆகவே 8 வைத்தால் கணக்களவில் அது நிஜமான பேட்ச் 8-க்குச் சமம், ஒரு ஸ்டெப்புக்கு நேரம்தான் கூடும். விஏஇ லேட்டன்டையும் டெக்ஸ்ட் எம்பெடிங்கையும் (கிளிப்பின் விளக்க வரிகளை எண்களாக்கியது) முன்கூட்டியே கணக்கிட்டு டிஸ்க்கில் வைத்துவிட்டால் அந்த இரண்டு மாடலும் கார்டில் இடம் பிடிக்காது.

சைபர்ஜெயாவிலிருந்து ஒரு பொறியாளர்: எங்களிடம் வாடகைக் கார்டுகள் இருக்கின்றன, மெமரி பிரச்சினை இல்லை. சரியான பேட்ச் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கொள்ளும் மட்டும் ஏற்றிவிடலாமா?

கார்டில் எவ்வளவு கொள்ளும் என்பது ஒரு கேள்வி, எவ்வளவு பயன்படும் என்பது வேறு கேள்வி. இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் வாடகைப் பணம் கரைகிறது.

2018-இல் ஓப்பன்ஏஐ ஆய்வாளர்கள் கிரேடியன்ட் நாய்ஸ் ஸ்கேல் என்ற அளவைப் பற்றி எழுதினார்கள்; சாம்பிளுக்குச் சாம்பிள் கிரேடியன்ட் எவ்வளவு ஆடுகிறது என்பதைக் காட்டும் எண் அது. பேட்ச் அந்த அளவுக்குக் கீழே வெகுதூரத்தில் இருக்கும்வரை, பேட்சை இரட்டித்தால் ஸ்டெப் எண்ணிக்கை ஏறக்குறைய பாதியாகும். அதை வெகுதூரம் தாண்டியபின் இரட்டித்தால் ஏறக்குறைய செலவு மட்டுமே இரட்டிக்கும். அந்த எல்லையிலேயே நின்றால், குறைந்தபட்சம் எத்தனை ஸ்டெப் தேவையோ அதைப்போல் இரு மடங்கு ஸ்டெப்பும், குறைந்தபட்சம் எவ்வளவு டேட்டா தேவையோ அதைப்போல் இரு மடங்கு டேட்டாவும் செலவாகும். அவசரமா, சிக்கனமா என்பதைப் பொறுத்து அதற்குச் சற்று மேலேயோ கீழேயோ நிற்கலாம்.

அளப்பதும் சுலபம். ஒவ்வொரு கார்டின் கிரேடியன்டுக்கும், எல்லாக் கார்டுக்கும் சேர்த்துச் சராசரி எடுக்கும் முன், நார்மின் (கிரேடியன்டின் நீளம்) வர்க்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். சராசரி எடுத்தபின் இன்னொரு முறை குறியுங்கள். 16 கார்டு இருந்து, சராசரியின் மதிப்பு தனிக் கார்டுடையதில் ஏறக்குறைய 16-இல் ஒரு பங்காகச் சுருங்கினால், நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் நாய்ஸ்தான், பேட்சை ஏற்றலாம். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தால் ஏற்கனவே தேவைக்கு மேல் போய்விட்டீர்கள். ஒரு ஸ்டெப்பை வைத்து முடிவு செய்யாதீர்கள், சில நூறு ஸ்டெப் சராசரி வேண்டும்.

அப்புறம், லாஸ் (மாடல் எவ்வளவு தவறுகிறது என்ற எண்) குறையக் குறைய நாய்ஸ் ஸ்கேல் ஏறும். பயிற்சியின் தொடக்கத்தில் சின்ன பேட்ச், பின்னால் பெரிது என்று போவது அதனால்தான் நியாயம். 14 நாள் ஓட்டத்துக்கு முதல் நாள் அளந்த எண்ணையே கட்டிக்கொண்டிருப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும்.

ஜார்ஜ்டவுனிலிருந்து ஒருவர்: தைப்பூசத்தன்று வெள்ளி ரதம் தண்ணீர்மலைக்குப் போகும் ஊர்வலத்தைப் படம்பிடித்து, 5 விநாடித் துண்டுகளாக வெட்டி வைத்திருக்கிறேன். சுமார் 300 கிளிப். பேட்ச் 64 வைத்தால் தரம் கூடுமா?

300 கிளிப்பை 64-ஆல் வகுத்தால் ஒரு சுற்றுக்கு 5 ஸ்டெப்கூடத் தேறாது. ஆயிரம் ஸ்டெப் போவதற்குள் ஒவ்வொரு கிளிப்பையும் 200 முறைக்கு மேல் பார்த்திருக்கும். மாடல் அந்தத் தெருவை மனப்பாடம் செய்துவிடும். 4 முதல் 8 போதும்.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. ஒரே நீளப் படத்திலிருந்து வெட்டிய அடுத்தடுத்த துண்டுகள் ஒரே பேட்சில் விழுந்தால், எண்ணிக்கை 8 என்று காட்டும், ஆனால் உள்ளே ஒரே கூட்டம், ஒரே வெளிச்சம், ஒரே கேமரா கோணம். அப்போது உண்மையான பேட்ச் 2 அல்லது 3-க்கு மேல் இருக்காது. மூலக் காணொளியின் பெயரையும் கூடவே சேமித்து, ஒரு பேட்சில் ஒரு மூலத்திலிருந்து ஒரு துண்டு மட்டும் வரும்படி கலக்குங்கள். ரதம், காவடி, தண்ணீர்ப் பந்தல், இரவு விளக்கு என்று காட்சிகள் கலந்து வரட்டும்.

பாயான் லெபாஸிலிருந்து ஒரு தங்கை: அக்கா, எங்கள் டேட்டாவில் படங்களும் உண்டு, 2 விநாடி, 5 விநாடி கிளிப்களும் உண்டு. எல்லாவற்றுக்கும் ஒரே பேட்ச் வைக்கலாமா?

வேண்டாம்மா. ஒரு கார்டுக்குப் படமும் இன்னொரு கார்டுக்கு 5 விநாடிக் கிளிப்பும் போனால், முதல் கார்டு வேலையை முடித்துவிட்டு சும்மா காத்திருக்கும். ஓப்பன்-சோரா என்ற திறந்த மூலக் காணொளி மாடலின் குழு செய்ததுபோல் அளவும் நீளமும் ஒத்தவற்றைத் தனித்தனி பக்கெட்டில் போட்டு, பக்கெட்டுக்கு ஒரு பேட்ச் சைஸ் கொடுங்கள். டோக்கனை மட்டும் சமன் செய்தால் போதாது, நீளமான கிளிப்பில் அட்டென்ஷன் கூடுதலாக விழுங்கும். ஒவ்வொரு பக்கெட்டுக்கும் ஒரு ஸ்டெப் எத்தனை விநாடி ஆகிறது என்று அளந்து, நேரத்தைச் சமன் செய்யுங்கள்.

இதில் ஒளிந்திருக்கும் கண்ணி ஒன்று. ஒரு கார்டில் 20 படம், இன்னொன்றில் 1 கிளிப் இருந்து, ஒவ்வொரு கார்டும் தன் லாஸைத் தனியாகச் சராசரி எடுத்தால், அந்த ஒற்றைக் கிளிப்புக்கு ஒரு படத்தைப்போல் 20 மடங்கு எடை கிடைக்கும். சாம்பிளுக்கு இவ்வளவு, அல்லது டோக்கனுக்கு இவ்வளவு என்று நீங்களே தீர்மானித்து எடையைப் பிரியுங்கள்.

கிள்ளானிலிருந்து: பேட்சை 4 மடங்காக்கினால் லேர்னிங் ரேட்டையும் (ஒரு ஸ்டெப்பில் மாடலை எவ்வளவு திருத்துவது என்ற அளவு) 4 மடங்காக்கணுமா?

அந்த நேர்விகித விதி 2017-இல் ஃபேஸ்புக் ஆய்வாளர்கள் 256 ஜிபியு, 8,192 பேட்ச் வைத்து ஒரு மணி நேரத்தில் இமேஜ்நெட் என்ற படத்தொகுப்பில் பயிற்சியை முடித்தபோது பிரபலமானது. மாடலைத் திருத்த அவர்கள் ஓட்டிய முறை எஸ்ஜிடி. நீங்கள் ஆடம் என்ற இன்னொரு முறையை ஓட்டினால் வர்க்கமூலம்தான் பொருந்திவரும், அதாவது 2 மடங்கு. அதிலிருந்து தொடங்கி, மேலேயும் கீழேயும் ஒரு முறை சோதித்துப் பாருங்கள்.

மலாயாப் பல்கலைக்கழக மாணவர்: லாஸ் வளைவு ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறது. பேட்ச் போதவில்லையா?

இருக்கலாம், ஆனால் அந்த வளைவை வைத்துச் சொல்ல முடியாது. ஒவ்வொரு கிளிப்புக்கும் டைம்ஸ்டெப் (எவ்வளவு நாய்ஸ் கலப்பது என்று சொல்லும் எண்) சீட்டுக் குலுக்கி எடுப்பதுபோல் வருகிறது, டைம்ஸ்டெப்புக்கு ஏற்ப லாஸும் மாறும். பேட்ச் 8 என்றால் டைம்ஸ்டெப் வரம்பை 8 பங்காக்கி, பங்குக்கு ஒன்றாக எடுங்கள். காசு செலவில்லாமல் ஆட்டம் குறையும். ஒப்பிடுவதற்கு, பயிற்சியில் சேராத சில கிளிப்களை அதே நாய்ஸ், அதே டைம்ஸ்டெப்களோடு ஒவ்வொரு முறையும் சோதியுங்கள்.

கடைசியாக, பங்சாரிலிருந்து: பேட்ச் 2, 4, 8 என்றுதான் இருக்கணுமா? 3, 5 வைத்தால் கார்டு மெதுவாகுமா?

ஒரு கிளிப்பிலேயே 32,760 டோக்கன் இருக்கும்போது கார்டுக்கு அந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. 3 கொள்கிறதா, சரி, 3 வையுங்கள்.