வலி நின்றால் பல் பிழைத்துவிட்டதா?

கேள்வி: சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் இருக்கிறோம். அம்மாவுக்கு 53 வயது, செம்பனையில் உதிரிப்பழம் பொறுக்கும் வேலை. கீழ்க் கடைவாய்ப் பல்லுக்கு ரூட் கேனல் செய்து இரண்டு மாதமாகிறது, வலி துளியும் இல்லை. பல்லுக்கு மேல் மாட்டும் உறையான கிரவுன் போட இன்னும் ஆயிரம் வெள்ளி (ரிங்கிட்) ஆகும் என்கிறார்கள். வலிதான் போய்விட்டதே, எதற்கு இன்னொரு செலவு என்று அம்மா கேட்கிறார்.

பதில்: அம்மா கேட்பது நியாயம்தான் தம்பி. ஆனால் வலி போனதை வைத்துப் பல் நன்றாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். ரூட் கேனலில் உள்ளே இருக்கும் நரம்பை எடுத்துவிடுகிறோம், அதனால் அந்தப் பல் இனி முன்பு போலக் கூசி எச்சரிக்காது. சொத்தை தின்றது போக, நரம்பை எடுக்க நாங்கள் குடைந்ததும் போக, மிச்சம் இருப்பது நாலு மெல்லிய சுவர்கள். மெல்லும்போது அதிகப் பாரம் விழுவதும் கடைவாயில்தான். ஒரு நாள் முறுக்கையோ நண்டு ஓட்டையோ கடிக்கும்போது நெடுக்காகப் பிளந்து, பிளவு வேர் வரைக்கும் இறங்கிவிட்டால் பிடுங்குவதைத் தவிர வழி கிடையாது. இப்படி ரூட் கேனலுக்குக் காசு செலவழித்த பிறகு பல்லை இழந்து வருகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனசு கேட்பதில்லை.

மாட்டுவண்டிச் சக்கரத்தைச் சுற்றி இரும்புப் பட்டை அடிப்பார்களே, அதைத்தான் கிரவுன் செய்கிறது, மிச்சமிருக்கும் பல்லைப் பிரியாமல் சுற்றிப் பிடித்துக்கொள்கிறது. பட்டை பிடிக்க ஈறுக்கு மேலே சுற்றிலும் 2 மில்லிமீட்டர் அளவாவது நல்ல பல் இருக்க வேண்டும், அதனால் தள்ளிப்போடப் போட பல்லும் குறையும், வாய்ப்பும் குறையும். கடைவாய்க்கு வெள்ளைதான் வேண்டும் என்று இல்லை, முழு உலோகக் கிரவுன் போட்டால் பல்லைக் குறைவாகச் செதுக்கினால் போதும், நல்ல உழைப்பும் இருக்கும். சிரிக்கும்போது தெரியக்கூடாது என்றால் பல் நிறத்தில் இருக்கும் சிர்கோனியா கிரவுன். அளவெடுத்து உறை தயாராகி வரும்வரை தற்காலிக உறை ஒட்டி அனுப்புவார்கள், அதுவரை அந்தப் பக்கம் டோடோல் மாதிரி ஒட்டுகிற பண்டம் எதையும் மெல்ல வேண்டாம், உறை கழன்று வந்துவிடும்.

காசு விஷயம். முதலில் அரசாங்கப் பல் கிளினிக்கில் கேட்டுப் பாருங்கள், காத்திருக்க வேண்டி வரலாம். அம்மாவுக்கு 55 ஆகவில்லை என்பதால், 2024 மே மாதத்திலிருந்து இருக்கும் இ.பி.எப். (ஊழியர் சேமநிதி) மூன்றாவது கணக்கில் பணம் இருந்தால் எந்தக் காரணமும் சொல்லாமல் எடுக்கலாம். ஓய்வுக்காலப் பணத்தில் கை வைக்கச் சொல்ல எனக்கும் தயக்கம்தான், ஆனால் இந்தப் பல்லை இழந்தால் அந்த இடத்தைக் கழற்றாத பல்லால் நிரப்ப இதைவிடக் கூடுதலாக ஆகும்.

கேள்வி: ஆறு வருஷத்துக்கு முன்பு ஒரு கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினேன். இப்போது பிரிட்ஜ் போடலாமா? எனக்கு இனிப்பு நீர் (நீரிழிவு) உண்டு. (வாசகி, தாப்பா)

பதில்: அக்கா, பிரிட்ஜ் என்பது இல்லாத பல்லுக்காக இரண்டு பக்கத்துப் பற்களையும் செதுக்கி, மூன்றையும் ஒரே துண்டாக ஒட்டுவது. பக்கத்துப் பற்களில் ஏற்கெனவே பெரிய அடைப்பு இருந்து, எப்படியும் கிரவுன் தேவைப்படும் என்றால் பிரிட்ஜ் நல்ல முடிவு. அவை ஒரு பழுதும் இல்லாத பற்கள் என்றால் நான் எளிதில் கை வைக்க மாட்டேன், செதுக்கியதைத் திரும்ப ஒட்ட முடியாது. கழற்றி மாட்டுகிற செட்டும் இருக்கிறது, வசதி இருந்தால் தாடை எலும்பில் பொருத்தும் இம்ப்ளாண்டும் இருக்கிறது. ஆறு வருஷ இடைவெளியில் பின்பல் சாய்ந்திருக்கலாம், எதிர்ப்பல் அந்த ஓட்டையை நோக்கி நீண்டிருக்கலாம், எக்ஸ்ரே எடுத்துப் பார்க்காமல் யாரும் முடிவு சொல்லக்கூடாது.

இனிப்பு நீர் கட்டுக்குள் இல்லாவிட்டால் ஈறு நோய் முற்றும், பல்லைத் தாங்கும் எலும்பு கரையும். தூணே ஆடினால் பாலம் எதன் மேல் நிற்கும்? முதலில் சர்க்கரை, அப்புறம் ஈறு, அதற்குப் பிறகுதான் பிரிட்ஜ். போட்ட பின்பு பொய்ப்பல்லுக்கு அடியில் பிரஷ் போகாது, அதற்கென்று விற்கும் முனை விறைத்த நூலைத் தினமும் ஒரு தடவை விட்டு எடுக்க வேண்டும். பிரிட்ஜைத் தாங்கும் பல் ஒன்றில் சொத்தை விழுந்தால் மொத்தத்தையும் அறுத்து எடுக்க வேண்டி வரும். நூல் விட நேரமில்லை என்று இப்போதே தோன்றினால் செட் போட்டுக்கொள்ளுங்கள், அது தப்பில்லை.

கேள்வி: எங்கள் டவுனில் ஒருவர் வீட்டில் வைத்தே 200 வெள்ளிக்கு அரை மணி நேரத்தில் கிரவுன் ஒட்டித் தருகிறார். போகலாமா?

பதில்: போகாதீர்கள். அப்படி ஒட்டுவது பெரும்பாலும் பல்லின் மேல் பிளாஸ்டிக் பூச்சுதான், அடியில் இருக்கும் சொத்தையைப் பார்க்கவே மாட்டார்கள். ஓரத்தில் அழுக்கு சேர்ந்து ஈறு வீங்கும், உள்ளே பல் அழுகும். பதிவில்லாமல் தனியார் கிளினிக் நடத்துவது 1998-ஆம் வருஷத்துச் சட்டப்படி குற்றம், 300,000 வெள்ளி வரை அபராதமோ ஆறு வருஷம் வரை சிறையோ இரண்டுமோ கிடைக்கலாம். எந்த கிளினிக்குக்குப் போனாலும் டாக்டர் தொழில் செய்வதற்கான அந்த வருஷத்துச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள், மலேசியப் பல் மருத்துவ மன்றத்தின் பதிவேட்டிலும் டாக்டர் பெயரைத் தேடிப் பாருங்கள். ஏற்கெனவே ஒட்டிக்கொண்டவர்கள் நீங்களாகக் கத்தி வைத்துப் பெயர்க்க வேண்டாம், பல்லும் சேர்ந்து வந்துவிடும். அரசாங்க கிளினிக்குக்குப் போய் நடந்ததை அப்படியே சொல்லுங்கள்.