விஜயகாந்தைக் கலாய்த்தவர்களே அவர் இறந்ததும் உருகியது நடிப்பா?

நடிப்பு இல்லை. கலாய்த்தவர்களில் நானும் ஒருவன், அதனால் சொல்கிறேன்.

2015 டிசம்பரில் நிருபர்களைப் பார்த்து அவர் 'தூ' என்று துப்பிய வீடியோ வந்ததும் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். அதற்கப்புறம் மேடையில் அவருக்கு நாக்குக் குழறினால் அன்றைக்கே ஒரு மீம் போய் விழும். குடிதான் காரணம் என்று நாங்களே முடிவுகட்டியிருந்தோம். 2018-ல் சிகிச்சைக்காக அமெரிக்கா போனார். அப்போதும் நிறுத்தவில்லை.

அதே குரூப்பில் பெரியப்பாவும் இருந்தார். விருத்தாசலம் பக்கத்துக் கிராமம். 2006-ல் கேப்டன் அங்கே ஜெயித்தாரே, அந்தத் தேர்தலில் ராத்திரி ராத்திரியாகச் சுண்ணாம்படித்துச் சுவர் எழுதியவர். 2011-ல் 29 எம்.எல்.ஏ.க்கள், எதிர்க்கட்சித் தலைவர் பதவி என்றதும் கையிலிருந்த காசையெல்லாம் வெடி வாங்கியே தீர்த்தார். 2016-ல் உளுந்தூர்பேட்டையில் டெபாசிட்டே போன அன்று நான் என்ன அனுப்பினேன் என்று நினைவில்லை. எதையாவது அனுப்பியிருப்பேன். பெரியப்பா ஒருநாளும் பதில் போட்டதில்லை.

2023 டிசம்பர் 28 காலையில் செய்தி வந்தபோது எனக்கு நிஜமாகவே அழுகை வந்தது. தான் சாப்பிடுவதையே லைட்மேன் வரைக்கும் போடச் சொன்னவர், நடிகர் சங்கக் கடனை அடைத்தவர் என்று அன்று முழுக்க டைம்லைனில் ஓடியது. ஒன்றுகூட புதுக்கதை இல்லை. எல்லாம் எங்களுக்கு முன்பே தெரியும். ஆனால் அதில் சிரிக்க என்ன இருக்கிறது, ஃபார்வர்டு பண்ண? நானும் பழைய படம் ஒன்றைத் தேடி எடுத்து, 'மன்னிச்சிடுங்க கேப்டன்' என்று ஸ்டேட்டஸ் வைத்தேன். எதற்கு மன்னிப்பு என்று எழுதவில்லை. அந்த மீம்களை அழிக்கவும் இல்லை, அது தோன்றவே இல்லை. எனக்கு உறுத்துவது இதுதான். அழுகை பொய்யில்லை, ஆனால் அதற்குச் செலவே ஆகவில்லை.

பெரியப்பா அன்று ராத்திரியே பஸ் ஏறிவிட்டார். மறுநாள் தீவுத்திடல் வரிசையில் நின்றவருக்குப் போன் செய்து வீட்டுக்குக் கூப்பிட்டேன்.

"இல்லப்பா, கோயம்பேட்டுல அடக்கம் முடிஞ்சதும் அப்படியே கெளம்பிடுவேன்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "ஸ்டேட்டஸ்ல வச்சிருந்தியே, அந்தப் படம் நல்லாருந்துச்சு. எனக்கு அனுப்பி வையேன்."

குரூப்பில் போடாமல் தனியாக அனுப்பினேன். அவருடைய சாட்டில் அதற்கு மேலே ஒன்றுமே இல்லை.