கிராம்பு மணக்கும் துளசி

அன்புள்ள ஐயா,

முற்றத்தில் இரண்டு மூடு துளசி நிற்கிறது. ஒரே மண், ஒரே தண்ணீர். ஒன்றின் இலையைக் கசக்கினால் கிராம்பு மணம். மற்றதில் அந்தக் காரம் இல்லை. நல்ல செடியின் விதையைத் தூவினேன், கன்றுகளிலும் மணம் கலந்தே இருக்கிறது. மண்ணில் குறையா? கருந்துளசி வைத்தால் சரியாகுமா?

வாசகர், சுசீந்திரம்

அன்புள்ள நண்பருக்கு,

மண்ணில் குறை இல்லை. வேறுபாடு செடியின் மரபணுவில் இருக்கிறது.

அந்தக் கிராம்பு மணம் யூஜெனால் என்ற வேதிப்பொருளுடையது. நம் குமரி மாவட்டத்து மாறாமலைக் கிராம்பில் இருப்பதும் அதுதான். ஃபினைல்அலனைன் என்ற அமினோ அமிலத்திலிருந்து துளசி இதைப் படிப்படியாக உண்டாக்குகிறது. ஒவ்வொரு படிக்கும் தனி நொதி, அதைச் செய்யத் தனி மரபணு. சில செடிகளில் யூஜெனாலோடு வேலை நிற்பதில்லை. இன்னொரு நொதி அதன்மேல் மீதைல் என்ற சிறு அணுத்தொகுதியை ஒட்டி மீதைல் யூஜெனால் ஆக்கிவிடும். காரம் குறைந்து லேசான இனிப்பு வாசம் வரும்.

உங்கள் இரண்டாவது செடி அந்த வகைதானா என்று மாம்பழக் காலத்தில் சோதிக்கலாம். பக்கவாட்டில் துளையிட்ட இரண்டு பிளாஸ்டிக் பாட்டில்களில், செடிக்கொன்றாக ஒரு கைப்பிடி இலையைக் கசக்கிப் போட்டு, மாமரத்தில் தள்ளித் தள்ளிக் கட்டுங்கள். மீதைல் யூஜெனால் மிகுந்த இலையைத் தேடிப் பழ ஈக்கள் வரும், அதுவும் ஆண் ஈக்கள் மட்டும். கடையில் விற்கும் பழ ஈப் பொறியில் வைப்பதும் இதே பொருளைத்தான். இரண்டிலும் ஈ வராவிட்டால், இரண்டாவது செடி காரியோஃபிலின் என்ற வேறொரு மணப்பொருள் மிகுந்த வகையாகவும் இருக்கலாம்.

கருந்துளசியை நிறம் பார்த்து வாங்காதீர்கள். அந்தக் கருஞ்சிவப்பு ஆந்தோசயனின் என்ற நிறமியால் வருவது. அது ஃபினைல்அலனைனிலிருந்தே பிரிந்தாலும் வேறு பாதை. கசக்கி முகர்ந்து வாங்குங்கள். லக்னோவிலுள்ள மத்திய மருந்து, நறுமணச் செடி ஆய்வு நிறுவனமான சீமாப் (CIMAP) உருவாக்கிய சிம்-ஆயு யூஜெனால் மிகுந்த ரகம்.

விதையில் மணம் மாறியதற்குத் தேனீக்கள் காரணம். பக்கத்துச் செடியின் மகரந்தம் கலந்துவிடுகிறது. தாய்ச்செடியை அப்படியே பெறக் கம்பு வெட்டி நடுவதே வழி. பூக்காத கிளையில் 8–10 கணுவுள்ள, 10–15 செ.மீ. நீளத் துண்டாக வெட்டுங்கள். நுனியில் இரண்டு மூன்று ஜோடி இலை போதும், மற்றதைக் கிள்ளிவிடுங்கள்; இலை அதிகம் இருந்தால் வேர் வருமுன் நீர் வற்றி வாடிவிடும். பூங்கொத்து வைத்த கம்பு வேர்விடாமல் விதைக்கே சத்தைச் செலவழிக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஏற்ற காலம்தான், ஆனால் நமக்கு அப்போது வடகிழக்குப் பருவமழை. கூரையடியில், பாதி மணல் கலந்த மண்ணில் வையுங்கள். நீர் தேங்கினால் அடி கறுத்து அழுகும். 4–6 வாரத்தில் 40 செ.மீ. இடைவெளியில் வெயிலில் நடலாம். தென்னை நிழலில் நட்டால் மணத்தின் வகை மாறாது, எண்ணெயின் அளவு குறையும்.

எண்ணெய் முழுக்க இலையின் மேற்பரப்பிலுள்ள நுண்சுரப்பிகளில் இருக்கிறது. பூதக்கண்ணாடி வைத்தால் பளபளக்கும் புள்ளிகளாகத் தெரியும். ஆகவே பறித்த இலையைத் தேய்த்துக் கழுவாமல் அலசி எடுத்து, நிழலில் உலர்த்துங்கள்.